வீட்டு சோலார் விக்கிறவங்களுக்கும் மாட்டுறவங்களுக்கும் ஒரு திறந்த மடல்: அட்வான்ஸ் வாங்குறதுக்கு முன்னாடி இதையெல்லாம் சொல்லிடுங்க

வீட்டு மொட்டை மாடியில சோலார் வித்து, மாட்டி, சர்வீஸ் பண்ற எல்லாருக்கும் வணக்கம்.

உங்க தொழில் மேல எனக்கு நிஜமாவே மரியாதை இருக்கு, அத முதல்லயே சொல்லிடறேன். கொளுத்துற வெயில்ல கூரை மேல நின்னு ஸ்ட்ரக்சர் முறுக்கி, கேபிள் இழுத்து, கீழ வந்து, பேனல் கரண்ட வீட்டுக் கரண்டா மாத்துற இன்வெர்ட்டர்ல செட்டிங் போட்டு முடிக்கிறது லேசான வேலை இல்ல. நீங்க விக்கிற பொருளும் நல்ல பொருள்தான். 1954ல பெல் லேப்ஸ்ல சிலிக்கான் சோலார் செல்ல முதல்ல காட்டினப்ப மேல விழுற வெயில்ல கிட்டத்தட்ட 6 சதவீதத்தைத்தான் அது கரண்டா மாத்துச்சு, இன்னைக்கு நீங்க சாதாரணமா தூக்கிட்டு வர்ற பேனலே 20 சதவீதத்துக்கு மேல மாத்துது, அதுக்கு மேல 25 வருஷம் பெர்ஃபார்மன்ஸ் வாரண்டியும் வருது. நகருற பாகம் எதுவும் இல்லாம, சத்தம் இல்லாம, புகை இல்லாம இத்தன வருஷம் உழைக்கிற பொருள் வீட்ல வேற என்ன இருக்கு சொல்லுங்க.

அதனால பொருளப் பத்தி நான் பேச வரல. விக்கிறதுக்கு முன்னாடி நடக்குற பேச்சப் பத்திதான் பேச வந்திருக்கேன். என்கிட்ட கோட்டேஷன் பேப்பரக் கொண்டு வந்து இது சரியா இருக்கா பாருங்கன்னு காட்டுறவங்க நிறைய பேர், அந்தப் பேப்பர்ல பெரும்பாலும் என்ன இருக்கும்னா எத்தன கிலோவாட், எந்த கம்பெனி பேனல், எந்த இன்வெர்ட்டர், எத்தன வருஷத்துல போட்ட காசு திரும்பி வரும், இவ்வளவுதான். இந்த சிஸ்டம் என்னென்ன செய்யாதுன்னு ஒரு வரி கூட இருக்காது. வாங்குறவங்களுக்கு எதக் கேக்கணும்னே தெரியாதுங்க, அது அவங்க தப்பும் இல்ல, வாழ்க்கையில ஒரு தடவ வாங்குற பொருள். உங்களுக்கு பதில் தெரியும். அதனால அவங்க கேக்கலன்னாலும் நீங்களா வாயத் திறந்து சொல்ற பொறுப்பு உங்களோடதுன்னு நான் நினைக்கிறேன்.

முதல் விஷயம், எல்லாத்தையும் விட பெரிய விஷயம், பேட்டரி இல்லாத ஆன்கிரிட் சிஸ்டம், அதாவது கரண்ட் லைனோட சேந்து ஓடுற சிஸ்டம், கரண்ட் போனா தானும் ஆஃப் ஆயிடும். உச்சி வெயில் அடிச்சாலும், பேனல் புத்தம் புதுசா பளபளன்னு இருந்தாலும், வீட்ல ஒரு பல்பு கூட எரியாது. உங்களுக்கு இது பாலபாடம், ஆனா வாங்குற பத்துல எட்டு பேர் மனசுல சோலார் மாட்டிட்டா இனி கரண்ட் கட்டே இல்லங்கிற நினைப்புதான் இருக்குன்னு பேசிப் பாத்தாலே தெரியும். அந்த நினைப்பு இருக்குன்னு உங்களுக்கும் தெரியும், தெரிஞ்சும் அத திருத்தாம ஆர்டர் வாங்குறதத்தான் நான் தப்புன்னு சொல்றேன். பொய் சொல்லலன்னு நீங்க சொல்லலாம், சரிதான், ஆனா எதிர்ல இருக்கிறவர் தப்பா புரிஞ்சிக்கிட்டு இருக்கார்னு தெரிஞ்சே பேசாம இருந்தா அதுவும் ஏமாத்துறதுதானே.

ஏன் ஆஃப் ஆகுதுன்னு விளக்க ரெண்டு நிமிஷம் கூட ஆகாது. ஆன்கிரிட் இன்வெர்ட்டர் தானா ஒரு வோல்டேஜையோ ஃப்ரீக்குவன்சியையோ உருவாக்குறது இல்ல, லைன்ல ஏற்கனவே ஓடிட்டு இருக்கிற அலையப் பாத்து அதோட ஒட்டி கரண்ட தள்ளுது, பாத்து ஒட்டுறதுக்கு லைன்ல அலையே இல்லன்னா அது நின்னுதான் ஆகணும். அதுக்கு மேல இது பாதுகாப்பு விதியும் கூட. லைன் செத்துப் போச்சுன்னு நம்பி கம்பத்துல ஏறி வேலை செய்யுற லைன்மேன் இருக்காரே, நம்ம வீட்டு மாடியில இருந்து கரண்ட் திரும்ப லைனுக்குப் போச்சுன்னா, அது டிரான்ஸ்ஃபார்மர்ல எதிர்ப்பக்கமா ஏறி பல ஆயிரம் வோல்ட்டா மாறி அவர் கையில நிக்கும். மெயின் லைன் திரும்பி வர்றப்ப அலை பொருந்தாம மோதி கருவிகள் கெட்டுப் போற ஆபத்தும் உண்டு. அதனாலதான் மின்பொறியாளர் அமைப்பான ஐஇஇஇயோட 1547 மாதிரியான தர விதிகள்ல, லைன் செத்த பிறகும் தான் மட்டும் தனியா கரண்ட் விட்டுட்டு இருக்கிற நிலைமைய இன்வெர்ட்டர் கண்டுபிடிச்சு 2 செகண்டுக்குள்ள கரண்ட் விடுறத நிறுத்தணும்னு வச்சிருக்காங்க. சரியான விதிதான், ஒரு உயிரக் காப்பாத்துற விதி. இந்தக் காரணத்தச் சொன்னா எந்த வீட்டுக்காரரும் கோவிச்சுக்க மாட்டார். ஓ அப்படியா, அப்ப எனக்கு பேட்டரி வேணுமா வேண்டாமான்னு யோசிச்சுக்கிறேன்னு சொல்லுவார். அந்த யோசனைய காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி பண்ணவிடுங்க, அத மட்டும்தான் கேக்குறேன்.

இன்னொரு பழக்கமும் வச்சுக்கலாம். மாட்டி முடிச்சு ஒப்படைக்கிற அன்னைக்கு வீட்ல இருக்கிற பெரியவங்க சின்னவங்க எல்லாரையும் நிக்க வச்சு மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணிக் காட்டுங்க. ஆன்கிரிட்னா எல்லாம் அணைஞ்சு போறத அவங்க கண்ணால பாக்கட்டும். திரும்ப ஆன் பண்ணா இன்வெர்ட்டர் உடனே ஓடாது, லைன் நிலையா இருக்கான்னு கொஞ்ச நேரம் பாத்துட்டுத்தான் ஸ்டார்ட் ஆகும், அதையும் பாக்கட்டும். ஹைப்ரிட்னா, அதாவது லைனோட பேட்டரியும் சேந்த சிஸ்டம்னா, எந்தெந்த ரூம்ல எந்தெந்த பிளக் பாயிண்ட் உயிரோட இருக்கு, எது செத்துப் போச்சுன்னு ஒவ்வொண்ணா நடந்து காட்டுங்க. இது அரை மணி நேர வேலை, ஆனா பின்னாடி வர்ற பாதி சண்டை இதுலயே தீந்துடும்.

ஹைப்ரிட் பத்தி வந்ததால சொல்றேன். பேக்கப் இருக்குங்கன்னு ஒரே வார்த்தையில முடிச்சுடறீங்க. எவ்வளவு பேக்கப், எதுக்கு பேக்கப்? கிலோவாட் வேற, கிலோவாட் ஹவர் வேறங்கிற வித்தியாசமே நிறைய பேருக்குப் புரியாது, ஒரே நேரத்துல எவ்வளவு லோடு இழுக்கலாம்கிறது ஒண்ணு, மொத்தமா எவ்வளவு நேரம் இழுக்கலாம்கிறது வேற ஒண்ணு. 5 கிலோவாட் ஹவர் லித்தியம் பேட்டரின்னு வச்சுக்குவோம், அதுல 90 சதவீதம் எடுக்கலாம்னா 4.5 கிலோவாட் ஹவர், அதாவது 4.5 யூனிட், இன்வெர்ட்டர்ல போற நஷ்டத்தக் கழிச்சா கையில நிக்கிறது 4.2 யூனிட் சொச்சம். ஃபிரிட்ஜ், ரெண்டு மூணு ஃபேன், லைட்டு, வைஃபை எல்லாம் சேத்து சராசரி 400 வாட்னா பத்து மணி நேரம் வரும், ராத்திரி தாண்டிடலாம். அதே வீட்ல ஒரு ஏர் கண்டிஷனரையும் போட்டு மொத்தம் 1600 வாட் இழுத்தா ரெண்டரை மணி நேரத்துல கதை முடிஞ்சது. இந்த ரெண்டு கணக்கையும் கோட்டேஷன் பின்பக்கத்துல பேனாவால எழுதிக் கொடுத்தாலே போதும்ங்க, அச்சடிச்ச கலர் புரோஷர் எதுவும் வேண்டாம்.

மோட்டார் விஷயமும் அப்படித்தான். 1 எச்பி மோட்டார் ஓடுறப்ப ஏறக்குறைய 1000 வாட்தான் எடுக்கும், ஆனா ஸ்டார்ட் ஆகுற அந்த நொடியில அஞ்சாறு மடங்கு கரண்ட் இழுக்கும். இன்வெர்ட்டரால அந்த சர்ஜ தாங்க முடியலன்னா டிரிப் ஆகும், வீட்டுக்காரர் இன்வெர்ட்டர் ரிப்பேர்னு உங்களுக்குப் போன் பண்ணுவார், நீங்க மோட்டார் போட்டா எப்படிங்க தாங்கும்னு அவரத் திட்டுவீங்க. முன்னாடியே வீட்டச் சுத்திப் பாத்து மோட்டார் எத்தன, லிஃப்ட் இருக்கா, பழைய கம்ப்ரஸர் இருக்கான்னு கேட்டிருந்தா ரெண்டு பேருக்கும் டென்ஷன் இல்ல. மோட்டார மெதுவா ஸ்டார்ட் பண்ற சாஃப்ட் ஸ்டார்ட்டர் போடலாம், இல்லன்னா மோட்டார பேக்கப் லைன்ல இருந்து பிரிச்சு விடலாம், வழி இருக்கு.

லெட் ஆசிட் பேட்டரி இன்னும் விக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. விக்கிறது தப்பில்ல, கைக்காசு கம்மியா இருக்கிறவங்களுக்கு அதுவும் ஒரு வழிதான். ஆனா 150 ஏஎச் (ஆம்பியர் ஹவர்) 12 வோல்ட்னா பெருக்கினா 1800 வாட் ஹவர், அது ரொம்ப நாள் உழைக்கணும்னா பாதிக்கு மேல எடுக்கக் கூடாது, அப்ப உண்மையில கையில இருக்கிறது 900 வாட் ஹவர்தான்னு சொல்லி வித்துடுங்க. சார்ஜ் ஆகுறப்ப ஹைட்ரஜன் வாயு வரும், காத்தோட்டம் இல்லாத படுக்கை ரூம் அலமாரிக்குள்ள வைக்கக் கூடாதுன்னும், தண்ணி ஊத்துற டைப்னா டிஸ்டில்ட் வாட்டர் லெவல் பாக்கணும்னும் சொல்லுங்க. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஆழமா எடுத்தாலும் ஆயிரக்கணக்கான தடவ சார்ஜ் ஆகி இறங்குறதத் தாங்கும், ஆனா அதுக்கும் அளவுக்கு மீறின சூடு ஆகாது, வெயில் நேரா விழுற சுவத்துல மாட்டாதீங்க.

கிரிட்டே வேண்டாம், லைன அறுத்துட்டு சொந்தக் கால்ல நிக்கிறேன்னு ஆசையா வர்றவங்களும் இருக்காங்க. அந்த ஆசை எனக்குப் புரியுது, ரொம்ப நல்ல ஆசை. லைனே போகாத மலை மேலயோ தீவுலயோ காட்டுக்குள்ளயோ வீடுன்னா ஆஃப்கிரிட் மாதிரி வரப்பிரசாதம் வேற இல்ல. ஆனா வாசல்லயே கம்பம் நிக்கிற வீட்டுக்கு ஆஃப்கிரிட் விக்கிறப்ப கொஞ்சம் நிதானமா பேசுங்க. தொடர்ந்து மூணு நாலு நாள் மூட்டமா இருந்தா பேனல் சாதாரண நாள்ல தர்றதுல ஒரு சின்னப் பங்குதான் தரும், அந்த நாள்களுக்கும் சேத்து பேட்டரி போட்டா விலை எங்கேயோ போகும், போடலன்னா ஜெனரேட்டர் வேணும். நல்ல வெயில் நாள்ல மத்தியானமே பேட்டரி நிறைஞ்சுடும், அதுக்கு அப்புறம் வர்ற வெயில் எல்லாம் வீண், சார்ஜ் கன்ட்ரோலர் பேனல அடக்கி வச்சிடும். பேனல் 25 வருஷம் இருக்கும், பேட்டரி அதுக்குள்ள ஒரு தடவையோ பல தடவையோ மாத்தணும். இத்தனையும் கேட்டுட்டு ஒருத்தர் சரிங்க, எனக்கு அதுதான் வேணும்னு சொன்னா தாராளமா மாட்டிக் கொடுங்க, அவர் தெரிஞ்சு எடுத்த முடிவு அது.

அடுத்து உற்பத்திக் கணக்கு. 5 கிலோவாட் போட்டேன், ஆப்ல 5 வரவே மாட்டேங்குதுன்னு புலம்பாத ஆள் இல்ல. பேனல் மேல எழுதியிருக்கிற வாட்டு ஆய்வுக்கூடத்துல அளந்தது, சதுர மீட்டருக்கு 1000 வாட் வெளிச்சம், செல்லோட சூடு 25 டிகிரி, அந்த நிலைமையில வர்ற எண் அது. மாடியில வெயில்ல கிடக்கிற செல்லு 60, 65 டிகிரிக்குப் போகும், ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.3ல இருந்து 0.4 சதவீதம் குறையும், அப்ப சூட்டுலயே ஏறக்குறைய 10ல இருந்து 16 சதவீதம் போச்சு. தூசி, கேபிள், இன்வெர்ட்டர் எல்லாம் சேந்தா வருஷ சராசரியில எழுதின கணக்குல முக்கால் பங்குல இருந்து 80 சதவீதம் வந்தா அது நல்லா ஓடுற சிஸ்டம். சூடு அதிகமா இருந்தா கரண்ட் அதிகம் வரும்னு எல்லாரும் நினைக்கிறாங்க, வெளிச்சம்தான் வேணும், சூடு எதிரின்னு யாரும் சொல்லிக் கொடுக்கல. பேனலுக்கும் கூரைக்கும் நடுவுல காத்து போக இடைவெளி விடுறது இதுக்காகத்தான், இடம் பத்தலன்னு கூரையோட ஒட்டி வச்சிட்டுப் போயிடாதீங்க. உங்க கோட்டேஷன்ல வருஷத்துலயே நல்ல மாசத்தோட எண்ண மட்டும் போடாம மோசமான மாசத்தோட எண்ணையும் பக்கத்துல போடுங்க, மழை மாசத்துல யூனிட் குறைஞ்சா அவங்க பயப்படாம இருப்பாங்க.

நிழல் பத்தி நான் ரொம்ப நேரம் பேசுவேன், பொறுத்துக்குங்க. ஒரு ஸ்ட்ரிங்ல பேனல் எல்லாம் வரிசையா கோத்திருக்கு, எல்லாத்துலயும் ஒரே கரண்ட்தான் ஓடும், நீளமான ஹோஸ் பைப்ப ஒரு இடத்துல மிதிச்சா முனையில தண்ணி குறையுற மாதிரி ஒரு பேனல் மேல நிழல் விழுந்தா வரிசை மொத்தமும் அடி வாங்கும். பேனலுக்குள்ள பொதுவா மூணு பைபாஸ் டயோடு இருக்கும், அது நிழல் பட்ட பகுதிய ஒதுக்கிட்டு மத்தத ஓட விடும், அதனால எல்லாம் போயிடாது, ஆனா சின்ன நிழல்னு நினைச்சதுக்கு நஷ்டம் அத விட பெருசா இருக்கும். தண்ணி டேங்க், கைப்பிடிச் சுவர், டிஷ் ஆன்டெனா, துணி காயப்போடுற கம்பி, எல்லாம் நிழல்தான். நீங்க சர்வேக்கு வர்றது பெரும்பாலும் நடுப்பகல்ல, அப்ப நிழல் எல்லாம் காலடியில சுருங்கிக் கிடக்கும். காலையில ஒன்பது மணிக்கும் சாயந்திரம் மூணு நாலு மணிக்கும் அது எங்க வரைக்கும் நீளுது, வருஷத்துல சூரியன் தாழ்வா போற மாசங்கள்ல எவ்வளவு தூரம் நீளும்னு கணக்குப் போட்டுப் பாத்துட்டு பேனல் இடத்த முடிவு பண்ணுங்க. போன்லயே சூரியன் போற பாதைய காட்டுற ஆப் இருக்கு. நிழல தவிர்க்கவே முடியாத கூரைன்னா ஒவ்வொரு பேனலையும் தனித்தனியா வேலை செய்ய விடுற மைக்ரோ இன்வெர்ட்டரோ ஆப்டிமைசரோ போடலாமான்னு பேசுங்க, இல்லன்னா நாலு பேனல் குறைச்சு மாட்டுங்க. எட்டு பேனல் வெயில்ல இருக்கிறது பன்னிரண்டு பேனல்ல பாதி நிழல்ல கிடக்கிறதுக்கு எவ்வளவோ மேல். பக்கத்துல இருக்கிற இளம் மரம் அஞ்சு வருஷத்துல எங்க நிக்கும்னும் ஒரு பார்வை பாத்துடுங்க, மரத்த வெட்டச் சொல்லாதீங்க, பேனல நகத்துங்க.

எப்ப கரண்ட் செலவு பண்றாங்கன்னு கேக்காமலே எத்தன கிலோவாட்னு எப்படிங்க சொல்ல முடியும்? பகல் பூரா வீடு பூட்டியிருந்து ராத்திரி மட்டும் ஆள் இருக்கிற வீடும், பகல்ல வேலை நடக்குற வீடும் மாச பில்லுல ஒரே யூனிட் காட்டலாம், ஆனா சோலாரால கிடைக்கிற பலன் ரெண்டுக்கும் ஒண்ணு இல்ல. நெட் மீட்டரிங் இருக்கிற இடத்துல பகல்ல லைனுக்குக் கொடுத்தத ராத்திரி எடுக்கிறதுல கழிச்சுக்கலாம், பல இடத்துல கொடுக்கிற யூனிட்டுக்கு வாங்குற யூனிட்ட விட கம்மி விலைதான் வரும், விதி நடுவுல மாறவும் செய்யும். அந்த விதி 25 வருஷம் அப்படியே இருக்கும், கரண்ட் கட்டணம் மட்டும் வருஷா வருஷம் ஏறும்னு வச்சு ஒரு அட்டவணை காட்டி விக்கிறத நிறுத்துங்க. அதுக்குப் பதிலா வாஷிங் மெஷின், தண்ணி மோட்டார், இஸ்திரி, வண்டி சார்ஜிங் எல்லாத்தையும் மத்தியானத்துக்கு மாத்திக்குங்கன்னு சொல்லிக் கொடுத்தா அது எந்த விதி மாறினாலும் அவங்களுக்கு லாபம்.

பாதுகாப்பு விஷயத்துல மட்டும் நான் கெஞ்ச மாட்டேன், கேக்குறேன். மாடியில இருந்து வர்றது டிசி, அதாவது ஒரே திசையில ஓடுற கரண்ட், ஒரு ஸ்ட்ரிங்ல பல நூறு வோல்ட் இருக்கும். திசை மாறி மாறி ஓடுற வீட்டு ஏசி சப்ளை செகண்டுக்கு நூறு தடவ பூஜ்யத்தத் தொட்டுட்டுப் போகும், அதனால சுவிட்ச் பிரியுறப்ப வர்ற பொறி தானா அணையும். டிசி பூஜ்யத்தத் தொடாது, பொறி பிடிச்சா பிடிச்சபடி எரியும். ஏசி பிரேக்கர கொண்டு வந்து டிசி பக்கம் மாட்டுறவங்க இருக்கீங்க, கொஞ்சம் காசு மிச்சம் ஆகுதுன்னு ஒரு வீட்டு சுவத்துல தீய மாட்டி வச்சிட்டுப் போறீங்க. வேற வேற கம்பெனி கனெக்டர் ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழையுதேன்னு செருகி விடாதீங்க, அளவுல இருக்கிற சின்ன வித்தியாசத்துல சரியா ஒட்டாம சூடாகி உருகும், தீ விபத்துக்கு அது தெரிஞ்ச காரணம். கேபிள் முனையில கனெக்டர அமுக்கி இறுக்க, அதாவது கிரிம்ப் பண்ண, சரியான டூல் வச்சுக்குங்க, கட்டிங் பிளேயர்ல அமுக்காதீங்க. எர்த்திங், திடீர்னு ஏறுற வோல்டேஜத் தடுக்கிற சர்ஜ் பாதுகாப்பு ரெண்டும் கோட்டேஷன்ல ஆப்ஷனல்னு போடுற விஷயம் இல்ல. வெளிச்சம் இருக்கிற வரைக்கும் பேனல முழுசா ஆஃப் பண்ணவே முடியாது, மெயின அணைச்சாலும் மாடி கேபிள்ல வோல்டேஜ் நிக்கும், இத வீட்டுக்காரருக்கும் சொல்லணும், நாளைக்குத் தீயணைப்பு ஆளுங்க வந்தா தெரியுற மாதிரி மெயின் போர்டு பக்கத்துல எழுதியும் ஒட்டணும்.

மாடியில ஓட்டை போட்டா நீர்க்கசிவுக்கு யார் பொறுப்பு, எத்தன வருஷத்துக்குன்னு எழுதிக் கொடுங்க. பேனல் வாரண்டி 25 வருஷம்னு பெருசா சொல்றீங்க, இன்வெர்ட்டர் வாரண்டி அத விட ரொம்பக் கம்மி, பேனல் ஆயுசுக்குள்ள குறைஞ்சது ஒரு தடவ அத மாத்த வேண்டி வரும்னும் அதே வாயால சொல்லிடுங்க, அந்த செலவும் சேந்துதான் போட்ட காசு எப்ப திரும்பும்கிற கணக்கு.

கடைசியா பேப்பர் விஷயம். எந்த பேனல் எந்த ஸ்ட்ரிங்ல இருக்குன்னு ஒரு வரைபடம், சீரியல் நம்பர், வாரண்டி சீட்டு, மாட்டின அன்னைக்கு அளந்த வோல்டேஜ், எர்த் ரீடிங், இதெல்லாம் ஒரு ஃபைல்ல போட்டு வீட்ல வச்சிட்டு வாங்க, நாளைக்கு நீங்க கடைய மூடிட்டாலும் வேற ஒருத்தர் வந்து சர்வீஸ் பண்ண முடியணும். மானிட்டரிங் ஆப் அக்கவுண்ட உங்க பேர்ல தொடங்கி வச்சுக்கிட்டு அவங்களுக்கு வெறும் பாக்கிற அனுமதி மட்டும் கொடுக்கிறத விட்டுடுங்க. சிஸ்டம் அவங்களோடது, அது தர்ற டேட்டாவும் அவங்களோடது. அவங்க போன் நம்பர்லயே அக்கவுண்ட் தொடங்கி, பாஸ்வேர்ட அவங்களையே போட வச்சு, உங்களுக்கு சர்வீஸுக்கு அனுமதி வேணும்னா அத அவங்க கொடுக்கட்டும். ஏற்கனவே மாட்டின வீடுகளுக்கும் இத இந்த மாசத்துல இருந்தே மாத்திக் கொடுக்க ஆரம்பிக்கலாம், ஒரு போன் கால்தான்.

இப்படிக்கு,
கூரையில பேனல் வச்சிருக்கிற, இன்னும் நிறைய கூரையில பேனல் வரணும்னு ஆசைப்படுற ஒருத்தர்